கீழே போய் வந்த அழைப்பு

உன் கம்ப்யூட்டர் போர்டுக்கு இன்று காலை கரண்ட் கொடுத்தேன். சூடேறியதும் தூசி வாசனை எழுந்தது. பாலகாட் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்வாய். தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். துடைக்கச் சொன்னால், "இன்னாடி, நம்ம ஊரு மண்ணு. கொஞ்சம் தங்கம்கூட இருக்கும், விடு" என்பாய்.

நேற்று உன் அம்மாவிடம் கேட்டு இதை வாங்கி வந்தேன். காரணம் தெரிந்தால் உனக்குக் கோபம் வரும்.

ஒரு புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டால், பதிலோடு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது? பழைய பிராசஸரிலும் புதியதிலும் நீ கடைசியாக அளந்தது அதைத்தான். புதியது கொஞ்சம்தான் வேகம் என்று எழுதியிருந்தாய். நீ கண்ணை மூடிய பிறகு ஆபீசில் மறுபடி அளந்தார்கள். பல மடங்கு வேகம் என்று வந்தது. "பாவம், உடம்பு முடியாதப்ப செஞ்சது. அவங்க ரிசல்ட்டை ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடலாம்" என்றார் மேனேஜர். தப்பு என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் 'பாவம்' எனக்கு ஆகவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாரிகுப்பத்தில் கிளம்பும் பெங்களூர் காலை ரயிலில், இப்படித்தான் ஒரு நல்ல ரிசல்ட்டை உனக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். வாயில் இட்லியோடு கேட்டாய்: "கீழ போச்சா?"

உன் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கியவர். இறங்குமுன் ஆளுக்கொரு டோக்கன், ஏறியதும் திருப்பித் தர வேண்டும். "டோக்கன் எடுக்கலன்னா அவன் கீழ போவல. மேலயே நின்னு பீடி புடிச்சவன் சீக்கிரம்தான் வருவான், அவன சூரன்னு சொல்லுவியா?" என்றாய். எதிர் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அழைப்பு நிஜமாகவே சிஸ்டத்துக்குள் போனதா என்று எண்ணிப் பார்க்காமல் எந்த வேகத்தையும் நீ நம்பியதில்லை.

இன்று அதைத்தான் செய்தேன். ஆபீஸ் புரோகிராம் கேட்டது, மணி என்ன என்று மட்டும். புதிய பிராசஸரில் அந்தப் பதில் வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. உள்ளே போன அழைப்பு ஒன்றுகூட இல்லை. பழையதில் உள்ளே போய்த்தான் வர வேண்டும். அதனால்தான் அவ்வளவு வித்தியாசம். பிறகு உன் புரோகிராமை ஓட்டினேன். எல்லா அழைப்பும் உள்ளே போய் வந்தது. நேரமும் நீ எழுதியதேதான்.

உன் ரிசல்ட் இருக்கும், அவர்களுடையது போகும் என்று ஆதாரத்தோடு மெயில் அனுப்பினேன். "ஓகே" என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லுக்கே நீ பெங்களூர் வரை சிரித்திருப்பாய். என்னோடு சிரிக்க ஆளில்லை.

மாலையில் போர்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் அம்மா காபி வைத்துவிட்டு, "எப்பிடிம்மா கீற?" என்றார்.

"நல்லா இருக்கேன்மா." அவர் கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டேன். நீ போனதிலிருந்து யார் கேட்டாலும் இதே பதில், இதே வேகம்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். உன் குரல்தான் காதில் விழுந்தது, 'கீழ போச்சா?' என்று.

இந்த முறை பதில் வர வெகு நேரமானது. காபி ஆறிவிட்டது.