ஐந்து வாத்துக்கு இலை

அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டியும் எழுத மாட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எதையும் விடவும் மாட்டேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் மிஞ்சிய தாள்கள் இவை. இதை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

என் விரல்களில் முட்டைக்கோசுத் தண்டின் வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன், போகவில்லை. இது உன் கையின் வாடை. காலையில் நீ தலை பின்னிவிட வரும்போது, "கோசு நாறுதும்மா" என்று தலையை இழுத்துக்கொள்வேன். நீ கையைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடியும் பின்னுவாய். முதலில் அதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வேலை போன நாள் உனக்கு நினைவிருக்கும். அன்று கையில் தூக்குச்சட்டியோடு மத்தியானமே வந்துவிட்டார். செல்வி, "அப்பா இன்னிக்கு லீவா?" என்று துள்ளினாள். அவர் சட்டியைத் திறந்து, நீ காலையில் வைத்த சோற்றை எங்கள் மூன்று பேருக்கும் உருட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தினமும் விடியும்முன் துறைமுக வாசலுக்குப் போய் நிற்பதும், ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிந்ததும் திரும்பி வருவதுமாக ஆகிவிட்டது. "இன்னைக்கும் பேரு கூப்பிடல." அவ்வளவுதான் சொல்வார். நீ அதற்கு மேல் கேட்டதே இல்லை.

நம் மாடியில் ஆறு குடும்பம், ஒரே சமையற்கட்டு, வரிசையாக ஆறு கரியடுப்பு. மற்ற அடுப்புகளில் என்ன வேகிறது என்பது நம் அடுப்புக்குத் தெரியும். பக்கத்து அடுப்பில் ஆட்டுக்கறி கொதிக்கும் நாளில் நீ எங்களைக் கீழே தெருவுக்கு அனுப்பிவிடுவாய். "வயிறு கனக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்," என்பாய். வயிறு கனக்க நீ செய்த வேலைகளை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நொய்யரிசியைக் களைந்த தண்ணீரைக் கொட்ட மாட்டாய், அதுதான் குழம்புக்கு. ஒரு பிடி மைசூர்ப் பருப்பை எல்லாருக்கும் காணும்படி கரைய விடுவாய். ஒரு கரண்டி கோதுமை மாவை வெறும் சட்டியில் சிவக்க வறுத்துக் கரைத்து ஊற்றுவாய். நெத்திலித் தலைகளைக் கருக வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவினால் வீட்டில் மீன் குழம்பு வாசனை வரும், மீன் இருக்காது. பிறகு மங்குத் தட்டில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துப் பார்ப்பாய். "தண்ணி முன்னால ஓடக்கூடாது. ஓடுனா புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிரும்." எனக்குத் தெரிந்துதான் இருந்தது, அம்மா. செல்விக்கும் தெரியும். பாப்பா ஒருத்திக்குத்தான் தெரியாது.

அந்தக் குழம்புக்குள் போட்ட காய்தான் இந்த மடலுக்குக் காரணம்.

தேக்கா மார்க்கெட்டில் கோசின் மேல் இலைகளைக் கழித்துக் கூடையில் போடுவார்களே, அதை நீ கேட்டு வாங்க ஆரம்பித்தாய். கறுப்புக் கால்சட்டையும் மரச்செருப்பும் போட்ட அந்தச் சீனத்தம்மாவின் கடை. முதல் நாள் அவர் எதற்கு என்பதுபோலக் கையை விரித்துக் காட்டினார். நீ சட்டென்று, "இத்தெக்," என்றாய். மலாயில் வாத்து. நம் வீட்டில் வாத்தாவது கோழியாவது! அறைக்குள் நாம் ஐந்து பேர் படுக்கவே இடமில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அள்ளிக் கொடுத்தார். அதிலிருந்து வாரம் இரண்டு தடவை வாத்துக்கு இலை. தண்டை நசுக்கிப் பருப்போடு வேகவைப்பாய், பச்சை இலையைப் பொடியாக நறுக்கி நொய்க்கஞ்சியில் போடுவாய். முள்ளங்கி இலை கிடைத்த நாளில் துவையல்.

மாடி முழுவதையும் வாடகைக்கு எடுத்து நமக்கெல்லாம் அறை விட்டிருக்கும் பாக்கியத்தம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. "என்னடி, இன்னைக்கும் வாத்துச் சாப்பாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். நீ கரண்டியை நிறுத்தாமலே, "ஆமாக்கா. தண்ணியிலதானே நீந்திக்கிட்டு இருக்கோம்," என்றாய். சமையற்கட்டே சிரித்தது. பாக்கியத்தம்மாவும் சிரித்துவிட்டார்கள். நீ மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது என் முறை.

அந்த வருஷம் எங்களுக்கு மலாய்ப் பாடம் வந்தது. எண்ணும்போது மனிதருக்கு ஒரு சொல், பிராணிகளுக்கு ஒரு சொல் என்று கற்றுக்கொண்டோம். மனிதர் என்றால் ஓராங். பறவை, விலங்கு என்றால் ஏக்கோர். அதற்கு வால் என்று பொருள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தெருவில் போகிற பூனை, நாய், புறா எல்லாவற்றையும் வால் கணக்கில் எண்ணிக்கொண்டே வருவேன். நீ சிரிப்பாய்.

ஒரு சனிக்கிழமை உன்னோடு மார்க்கெட்டுக்கு வந்தேன். சீனத்தம்மா அன்று நல்ல மனநிலையில் இருந்தார். இலையை அள்ளிக்கொண்டே, "பெராப்பா ஏக்கோர்?" என்று கேட்டார். எத்தனை வாத்து என்று. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நீ தடுமாறினாய். யோசிக்காமல், "லீமா ஓராங்," என்றாய். ஐந்து பேர்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சத்தத்தில் அது அப்படியே போயிருக்கும். நான் சிரித்துக்கொண்டு, "ஐயோ அம்மா, ஓராங்னா மனுஷங்க! வாத்துக்கு ஏக்கோர்னு சொல்லணும்," என்றேன். அதோடு விட்டேனா? சீனத்தம்மா பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, "புக்கான் லீமா ஓராங். லீமா ஏக்கோர்," என்று திருத்தமாகச் சொன்னேன். ஐந்து பேர் இல்லை, ஐந்து வாத்து. எனக்கு என் மலாயைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து மீன் கடைக்காரர் பெரிதாகச் சிரித்தார். சீனத்தம்மா சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எலும்பு தெரியும் என் மணிக்கட்டைப் பார்த்தார். நீ பையை வாங்கிக்கொண்டு நடந்தாய். சிராங்கூன் ரோட்டைக் கடந்த பிறகு, "நீ சொன்னது சரிதான். படிச்ச புள்ள," என்றாய். திட்டியிருந்தால் இப்போது எனக்கு நன்றாக இருக்கும்.

அடுத்த தடவை அவர் இலையைக் கூடையிலிருந்து அள்ளவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, தயாராக வைத்திருந்ததை நீட்டினார். வீட்டில் பிரித்தாய். உள்ளே பூச்சி அரித்த பச்சை இலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளை. மொறுமொறுவென்று, ஒடித்தால் தண்ணீர் தெறித்தது. நாங்கள் கைதட்டினோம். நீ ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வாத்துக்குக் கழிச்ச இலை இல்லடி. மனுஷருக்குன்னு உரிச்சது," என்றாய்.

அப்பா கதவருகில் உட்கார்ந்திருந்தார். "மனசார கொடுக்குறாங்க. வாங்கிக்க வேண்டியதுதானே."

"வாத்துக்குன்னு கேட்டா நான் வாத்து வளர்க்கிறவ. மனுஷருக்குன்னு வாங்கினா நான் யாரு?"

அன்று வைத்த குழம்பு போல நீ அதற்குமுன் வைத்ததில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் நீ போகவும் இல்லை.

ஃபேரர் பார்க் திடல் ஓரத்தில், சாக்கடை மேட்டில் முளைக்கிற கீரையைப் பறிக்கப் போனாய். வெயிலில் போனாய், பிறகு மழைக்காலம் வந்தும் போனாய். மடியில் கீரையும் தலையில் ஈரத்துணியுமாக நீ படி ஏறி வந்த அந்தச் சாயங்காலம் உன் பல் கிடுகிடுவென்று அடித்தது. "குளிர்தான், ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தாய். மறுநாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். உடம்பில் தாங்கச் சக்தியே இல்லை என்று நர்ஸ் அப்பாவிடம் சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது மாவைப் பற்றி. "வறுத்துட்டுக் கரைச்சு ஊத்து. பச்சையா போட்டா பாப்பாவுக்கு வயித்த வலிக்கும்." சரி என்றேன். வேறு ஏதாவது கேட்டிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் நாங்கள் போகும்போது கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் அந்த ஒரு சொல்லைத் திருத்தாமல் இருந்திருந்தால் நீ அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருப்பாய். கடைக்குப் போயிருந்தால் மழையில் திடலுக்குப் போயிருக்க மாட்டாய். எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் அது இந்த வரிசையில்தான் வருகிறது.

இப்போது நான்தான் சமைக்கிறேன். மாவை வறுத்துத்தான் போடுகிறேன். ஆனாலும் தண்ணீர் முன்னால் ஓடுகிறது, அம்மா. செல்வி தட்டைச் சாய்த்து, "அக்கா, ஒன் கொழம்பு ஓடுது! புடி புடி!" என்று கத்துகிறாள். சிரிக்க வைக்கத்தான் சொல்கிறாள். போன மாதம் பருப்பு நின்றது, பிறகு நெத்திலி. மூன்று நாளாக நொய்க்கஞ்சியும் உப்பும்தான். "பள்ளிக்கூடம் போதும்லா. ரெண்டு வீட்டுல தட்டுக் கழுவினா தங்கச்சிங்க சாப்புடும்," என்கிறார்கள் பாக்கியத்தம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். நேற்று பாப்பா மூலையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். சுவர்ச் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டித் தின்றிருக்கிறாள். நாக்கு முழுக்க வெள்ளை.

அதனால் இன்று காலை தேக்காவுக்குப் போனேன்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்பாட் ஏக்கோர், அம்பாட் ஏக்கோர். நான்கு வாத்து. பொய்தான். பாப்பாவின் நாக்கைப் பார்த்த பிறகு பொய்யைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சீனத்தம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மக் மானா?" அம்மா எங்கே என்று. நான் கோசுக் கூடையைப் பார்த்தேன். அவர், நான் தப்பித்துக்கொள்ளட்டும் என்பதுபோலத் தானே எடுத்துக்கொடுத்தார்: "இத்தெக் லீமா ஏக்கோர், யா?"

"புக்கான்," என்றேன். இல்லை. அன்றைக்குச் சொன்ன அதே சொல். "அம்பாட்." அதற்குப் பிறகு ஏக்கோர் வரவில்லை. அவ்வளவு தூரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயும் வரவில்லை. "அம்பாட் ஓராங்."

அவர் கையில் கத்தி இருந்தது. அது கோசின் மேல் அப்படியே நின்றது. "அம்பாட்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உரிக்க ஆரம்பித்தார். பச்சை இலை போயிற்று, வெளிர்ப்பச்சை போயிற்று, வெள்ளை வந்தது. அதற்கு மேலும் உரித்தார். கடைசியில் அவர் கையில் மாம்பழம் அளவுக்குத்தான் மிஞ்சியது. மீன் கடைக்காரர் ஏதோ கேட்டார். இவர் அவரைத் திரும்பியும் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி, "இத்தெக் புஞ்ஞா!" என்று அதட்டினார். எல்லாம் வாத்துக்கு.

நான் வாங்கிக்கொண்டேன், அம்மா. நீ வேண்டாம் என்று விட்டதை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

தண்டை நசுக்கி வேகவைத்தேன். மாவை வறுத்தேன். தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். இன்று தண்ணீர் ஓடவில்லை. பாப்பா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைத் தூக்க முடியாமல் தூங்கிவிட்டாள். அப்பா, "உங்கம்மா..." என்று ஆரம்பித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இன்றும் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. இந்த இலை நாளை மறுநாள்வரை வரும். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போவேனா என்றும் தெரியாது.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு அது புரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நம் வீட்டில் ஒவ்வொரு வேளையும் நான்கு தட்டுதான் நிறையும். நீ சட்டியைச் சுரண்டிக்கொள்வாய். சோற்றை அளக்கும்போதும் நீ உன்னை எண்ணியதில்லை. அன்றைக்கு மார்க்கெட்டில், யோசிக்க நேரமில்லாமல், லீமா ஓராங் என்றாய். ஐந்து பேர். எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான் நீ உன்னையும் சேர்த்து எண்ணினாய்.

அதைத்தான் நான் தப்பு என்று திருத்தினேன்.

"எழுதுனது போதும்டி, கண்ணு கெட்டுரும்," என்கிறார்கள் பாக்கியத்தம்மா. சமையற்கட்டு விளக்கின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் ஒரு வரி என்றேன். லீமா ஓராங், அம்மா. நீ சொன்னதுதான் சரி.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.