கன்னத்தைத் திருத்திய படம்

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ ஸ்டூடியோ வைத்திருக்கிறாயே என்று என் மூன்று மாத மகளின் படத்தை அனுப்பி, பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். இது யார் வீட்டுப் பிள்ளை அண்ணா?

என் மகளுக்கு இடது கன்னத்தில் சிவப்பு மச்சம் உண்டு. பிறந்த மூன்றாவது வாரம் புள்ளியாக வந்தது. இப்போது சட்டைப் பொத்தான் அளவு. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "ரத்தக்குழாய்ங்க ஒண்ணா சேர்ந்து புடைச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் வளரும், அப்புறம் வருஷக்கணக்குல தானா வாடும். கண்ணு பக்கமோ வாய் பக்கமோ இல்ல. பயப்படாதீங்க." அவரே விட்டுவைத்ததைப் படத்திலிருந்து எடுக்க நீ யார்?

போதாக்குறைக்கு அந்தப் படத்தைக் கடை வாசலில் வேறு மாட்டியிருக்கிறாயாம். உள்ளபடி இருக்கும் படத்தை மாட்டும்வரை நானும் அவளும் உன் வாசலை மிதிக்க மாட்டோம்.

கோபத்துடன்,
தங்கை

ஏப்ரல் 20

என் செல்லச் சிடுமூஞ்சிக்கு,

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. இருபது வருஷமாகப் பரு, தழும்பு, கருவளையம் என்று துடைத்துப் பழகிய கை. படம் திரையில் வந்ததும் அது தன்பாட்டுக்கு ஓடிவிட்டது. உன் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைத்தபோது மட்டும் "அண்ணன்னா அண்ணன்தான்" என்றாயே!

உள்ளபடி மாட்டினால் போகிறவன் வருகிறவனெல்லாம் துக்கம் விசாரிப்பான். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

நான் தினமும் பஸ்ஸில் அதைத்தான் கேட்கிறேன். "கீழ போட்டுட்டியாம்மா?" என்கிறார்கள். நேற்று ஒரு அம்மாள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு துடைக்கவே வந்துவிட்டார். ஊரார் துடைக்கட்டும். தாய்மாமன் நீயும் துடைத்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு வலிக்கிறது அண்ணா.

தங்கை

மே 9

தங்கைக்கு,

மாட்டிவிட்டேன். கடையிலேயே பெரிய சட்டம் அதுதான். முதலில் கேட்ட மூன்று பேருக்குப் பொறுமையாக விளக்கினேன். நாலாவது ஆளிடம், "என் மருமக. அப்படித்தான் இருப்பா. நீங்க உட்காருங்க, உங்க படத்தை எடுப்போம்" என்றேன். அந்த மனுஷர் தன் மூக்கு மருவையும் அப்படியே விடச் சொல்லிவிட்டார். என் பிழைப்பில் மண்தான்!

நான் செய்தது தப்பு. வந்துவிடு.

அண்ணன்

அடுத்த வருஷம், ஜூன் 2

அன்புள்ள அண்ணா,

போன மாதம் உன் வீட்டிலிருந்து திரும்பியதும் கவனித்தேன். மச்சத்தின் நடுவில் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. "சொன்னேன்ல, நல்லபடியா வாடுது" என்று டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். "போகணும்னுதானே இருந்தோம்?" என்று உன் மாப்பிள்ளை முழிக்கிறார். தினமும் நான் முத்தம் கொடுக்கிற இடம் அது. அவருக்கு எங்கே புரியப்போகிறது!

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்துவிடு. முழுதாகப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது. அந்த வெளுத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு பூசித் தருவாயா?

உன் தங்கை