முதல் திரையில் ஒரு உ

இயேசு மரி சூசை துணை

டன்லப் தெரு, சிங்கப்பூர்
14 மார்ச் 1987

அன்புள்ள தாஸ்,

உன் நலத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை, முறைக்காகக் கேட்டுவைக்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா உர்சுலா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். ஒரு சொல் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ எழுதிய 'பலகை' நிரலின் மூன்றாம் பதிப்பு என் கடையை என்ன செய்திருக்கிறது தெரியுமா? இரண்டாம் பதிப்புவரை குறை சொன்னேனா? கடையின் விலைப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை எழுதிவைத்தால் போதும், ஓரிடத்தில் விலையை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறும், அச்சாகும், டெலிபோன் கம்பி வழியாக மற்ற கடைக்காரர்கள் அவரவர் கம்ப்யூட்டரில் படிப்பார்கள். நீ வந்து புது டிஸ்கைப் போட்டாய். "எழுத்து மட்டுந்தான் அத்தான் மாறியிருக்கு. பள்ளிக்கூடத்துல இப்ப இந்தச் சீர்திருத்த எழுத்துதான்" என்றாய்.

பழைய 'லை' எழுத்து தலைக்கு மேல் யானைத் தும்பிக்கையை வளைத்துக்கொண்டு ஒரே கட்டத்தில் அடங்கும். புது லை இரண்டு கட்டம் தின்கிறது. வரியில் இடம் போதாவிட்டால் கடைசிச் சொல்லை உன் நிரல் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. 'எங்கள் மிளகாய்த்தூளில் கலப்படம் இல்லை' என்று ஈஸ்டர் விற்பனைத் தாள் போட்டேன். 'எங்கள் மிளகாய்த்தூளில் கலப்படம்' என்று அச்சாகி, தேக்கா வட்டாரம் முழுக்கக் கைக்குக் கை போய்விட்டது.

வாடிக்கைக்காரி பூவம்மா தாளும் கையுமாக வந்து, "உண்மையச் சொல்லி விக்கிற ஒரே கடை உங்களதுதான்லா" என்கிறாள். எதிர்க்கடை வேலாயுதம் அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். அவனும் இதே நிரலைத்தான் வைத்திருக்கிறான். நீ சும்மா கொடுத்தது.

பழைய எழுத்தைத் திரும்பப் போடு. நிரலுக்கு ஒரு பூட்டும் போடு. கண்டவனும் எடுத்துப் புழங்க அது கடைவாசல் ஐந்தடிப் பாதை இல்லை.

கொதிப்புடன்,
சவரிராஜ்


கிராஞ்சி
21 மார்ச் 1987

அன்புள்ள அத்தானுக்கு,

நாற்றுப்பண்ணை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பஸ்ஸைப் போலவே தபாலும் நினைத்தால்தான் வரும்.

சொல்லை விழுங்கியது என் தப்பு. திருத்திய டிஸ்க் இத்துடன் வருகிறது. இனி இடம் போதாத சொல் அடுத்த வரிக்குப் போகும். ஆனால் நீங்களும் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பூசைக்குக் கிளம்பும்போது அக்கா, "நான் வந்து படிச்சுப் பாக்குறவரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளா இல்லையா? அவள் திரும்புவதற்குள் விற்பனைத் தாள்களைக் கட்டோடு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது யார்?

பூட்டு போட மாட்டேன். முதல் நாளே உங்கள் கடையில் வைத்துத்தான் பேசினோம். பலகையை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியவர் அதை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் விலையை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்தது நான் இல்லை. வேலாயுதத்தின் கடையில் வேலை பார்க்கும் அஸ்மத். செய்து சும்மா கொடுத்தான். இத்தனை நாள் நீங்களும் சும்மாதான் புழங்கினீர்கள்.

பழைய எழுத்துதான் வேண்டுமென்றால் இரண்டாம் பதிப்பிலேயே இருந்துகொள்ளுங்கள். புதியதில் அது வராது.

இயேசுதாசன்


டன்லப் தெரு
27 மார்ச் 1987

தாஸ்,

'அன்புள்ள' என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனி. உன் அக்கா போடப் பார்த்தாள். வேண்டாம் என்றேன்.

டிஸ்க் வேலை செய்கிறது. அஸ்மத் கெட்டிக்காரன், இருக்கட்டும். எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் புது எழுத்துகளை வரைந்தவன் யார்? அவனுக்கு இருப்பது விரலா, உலக்கையா? னை என்று ஒன்று வரைந்திருக்கிறான், சோற்றுப் பானையை இடுப்பில் வைத்த மாதிரி. ஒரு கடையில் ஒரு நாள் உட்கார்ந்தவனாக இருந்தால் இப்படி இடத்தை வீணாக்குவானா?

அடுத்தது. முதல் திரையில் 'சவரிராஜ் ஸ்டோர்ஸ் வழங்கும் பலகை' என்று இருந்ததே, அது எங்கே? கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டவன் நான். அதை எடுத்துவிட்டு 'உ' என்று ஒற்றை எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறாய். லூர்து மாதா கோயிலின் ஞாயிறு அறிவிப்பை அச்சடிக்கும் நிரலில் பிள்ளையார் சுழி எதற்கு? வேலாயுதம் போடச் சொன்னானா? அவன் என்னிடமே வந்து, "என்ன சவரி, நம்ம பக்கம் வந்துட்டியா?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

இதைச் சொல்லும்போது உன் அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். அடி என்றேன். அடிக்கிறாள்.

அந்த உலக்கையின் பெயர் எனக்கு வேண்டும்.

சவரிராஜ்


கிராஞ்சி
1 ஏப்ரல் 1987

அத்தான்,

அது பிள்ளையார் சுழி இல்லை. உர்சுலா.

பழைய எழுத்து, புது எழுத்து, எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தது அக்காதான். நான் செய்தது அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது மட்டும். கோயில் மண்டபத்தில் முதல் பதிப்பைக் காட்டிய அன்று மைக்கைப் பிடித்து, "நானும் என் மச்சானும் செஞ்சோம்" என்றீர்கள். அக்கா பின்னால் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்குத் தும்பிக்கை லை படிக்கத் தெரியவில்லை. செபத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "டீச்சர், இது என்ன லெட்டர்?" என்று கேட்கிறார்களாம். அதனால்தான் புதிதாக வரைந்தாள். முழுப் பெயரும் போடுகிறேன் என்றேன். "முதல் எழுத்து போதும்டா. அவர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

நீங்கள் கேட்டீர்கள். என்னிடம். உலக்கை என்று. அதையும் அவளையே அடிக்க வைத்து.

இதற்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை.

இயேசுதாசன்


டன்லப் தெரு
9 ஏப்ரல் 1987

தாஸ்,

இது என் கையெழுத்து. உன் அக்கா இனி என் கடிதத்தை அடிக்க மாட்டாளாம்.

உன் கடிதத்தை அவள் முன்னால் நீட்டி, "நீதானா?" என்றேன்.

"நாந்தான். உலக்கைன்னு சொன்னீங்கல்ல, அதையும் நாந்தான் அடிச்சேன். எழுத்துப்பிழை ஏதும் இருந்துச்சா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தாஸ்கிட்டதான கேட்டீங்க?"

எழுந்து கடைக்குள் போய்விட்டாள். பூவம்மாவுக்கு மிளகாய்த்தூள் நிறுத்துக் கொடுக்கிறாள், இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள்.

என் கோபம் தீரவில்லை. என் வீட்டில் நடந்ததை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு உன்மேல் அது கொஞ்ச காலம் இருக்கும். மைக் விஷயத்தை உன்னோடு பேச மாட்டேன். அதை அவளோடு பேசிக்கொள்கிறேன்.

அடுத்த பதிப்பில் அந்த உ-வை எடு. உர்சுலா என்று முழுசாகப் போடு. என் பெயரைப் பக்கத்தில் ஒட்டாதே. கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்கிறாள். அஸ்மத்தின் பெயரையும் போடு. வேலாயுதம் அதைப் படிக்கட்டும். பூட்டைப் பற்றி நான் பேசவே இல்லை என்று வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தில் எல்லா லையும் தும்பிக்கையோடுதான் இருக்கிறது. சற்றுமுன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என் பிள்ளைங்க இதப் படிக்காதுங்க" என்றாள். பிறகு பேனாவை வாங்கித் தாளின் ஓரத்தில் புது லையை எழுதிக் காட்டினாள். கீழே நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். கோணலாகத்தான் வருகிறது. இடம் தாராளமாக விட்டிருக்கிறேன்.

கலப்படம் இல்லை.

சவரிராஜ்