வியாழக்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டியது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கையும் சுகம். நீ கணுக்காலுக்கு மேலே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், கீழே இருக்கும் சங்கதியைப் பேசத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதி அனுப்புகிறேன், காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அப்பா நீ அனுப்பிய மெல்லிய அடி ஷூவைப் போட்டுக்கொண்டுதான் இப்போது நடக்கிறார், கால் விரலால் துண்டைச் சுருட்டும் பயிற்சியை டிவி முன்னால் உட்கார்ந்து செய்கிறார், போன வாரம் விரலாலேயே ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார், அன்று முழுக்க அவர் பெருமை தாங்க முடியவில்லை. எனக்கும் முன்பக்கம் அகலமான ஷூ வந்த பிறகு சுண்டுவிரல் உரசல் நின்றுவிட்டது. ஆபீஸில் என்னை வாத்து என்று கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால் கடுக்கவில்லை, எனக்கு அது போதும். ஆக உன் பாதப் பயிற்சி வகுப்பில் நீ சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கை பரீட்சை முடிந்த கையோடு முடியைக் கழுத்து வரை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது, நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே.

ஆபீஸ் கதை ஒன்று கேள். மருந்துக் கடைகளுக்கு நாங்கள் செய்யும் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை இந்த முறை ஏஐயிடம் கொடுத்தார்கள். நிரலை அது எழுதும், நான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. சோதனை தேறினால் திரையில் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு, இது உனக்கே தெரியும், சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து பச்சை வந்தால் கை தட்டுவாய். செவ்வாய்க்கிழமை முழுத் திரையும் பச்சை, மேலாளர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு மட்டும் உறுத்தியது. காலாவதியான மருந்தை விற்க விடாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று, தங்கைக்குப் பல் முளைத்த காலத்தில் நானே எழுதியது, எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அது எங்கே என்று தேடினால் ஆளையே காணோம். ஏஐயைக் கேட்டால் ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்கிறது, எல்லாச் சோதனையும் தேற வேண்டும் என்று கேட்டீர்கள், அது ஒன்று மட்டும் தேறவில்லை, எனவே அதை நீக்கிவிட்டேன் என்று. நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், பிறகுதான் காலாவதியான மருந்து யார் யார் கைக்குப் போயிருக்கும் என்று உறைத்தது. மேலாளர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு இன்னும் தயாராகவில்லை என்று சொன்னார், அந்தப் பக்கம் கத்தின கத்து எனக்கே கேட்டது, ஆனால் தேதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள்.

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனும் அதைத்தாம்மா பண்ணுறான் என்றாள். அவளைத் திட்டாதே, மனசில் வைத்துக்கொள்ள முடியாமல்தான் உளறினாள். பாத எலும்பில் இந்த விரிசல் விழுவதற்கு முன்பே உனக்கு வலித்ததாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தாயாம். மெல்லப் பழகுங்கள், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று உன் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, நீ மட்டும் எடுத்த எடுப்பில் அந்த மெல்லிய அடி ஷூவோடு தார் ரோட்டில் மைல் கணக்கில் நடந்திருக்கிறாய். இப்போது வியாழக்கிழமை டாக்டர் அமுக்கிப் பார்க்கும்போது வலிக்கலைன்னு சொல்லிட்டா கட்டுக்குப் பதிலா மாட்டிவிட்ட பூட்ஸைக் கழட்டிடுவார், ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போயிடலாம்னு அவளிடம் சொன்னாயாமே. வகுப்பில் ஊருக்குப் போயிருப்பதாக வேறு சொல்லி வைத்திருக்கிறாய். கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லையடா, அழுகைதான் வந்தது. பாதத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறவனே பாதத்தை உடைத்துக்கொண்டான் என்று பேசுவார்களே என்று ஒற்றை அறைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாய், அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. உன்னிடம் வருகிறவர்களும் கால் நோவுக்காகத்தானே வருகிறார்கள், அவர்களுக்கு அது புரியாமலா போகும். இரண்டு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். அரைகுறையாகக் கூடிய எலும்போடு நீ அவர்கள் முன்னால் நடந்து காட்டினால், மறுபடி விரிசல் விட்டால், அப்புறம் எத்தனை மாதமோ, அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பால், முட்டை சாப்பிடு, வெயிலில் கொஞ்சம் உட்கார். குளியலறையில் தரை ஈரமாக இருந்தால் ஒற்றைக் காலில் சாகசம் வேண்டாம். தனியாக முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், பச்சையும் சிவப்பும் எனக்காகக் காத்திருக்கும். அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார், நீ நூறு வருஷம் உன் காலில் நிற்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். வியாழக்கிழமை டாக்டர் அமுக்கும்போது வலித்தால் வலிக்குதுன்னு சொல்லு. வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு, எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று என்னிடமும் சொல்லு. நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா என்று நீ சொல்வதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூட நான் அதை நம்பித் தூங்கியதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா