ஒத்திகை பார்த்த சந்தேகம்

வார்னிஷ் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. சந்தாபுரா தாண்டி, நீ வேலை பார்த்த அதே பொறியியல் கல்லூரியில் இன்று காலை ஒரு திறப்பு விழா. செய்திக்காகப் போயிருந்தேன். புது அறை, புது வட்ட மேஜைகள், வாசலில் ‘பிராப்ளம் பேஸ்டு லேர்னிங் சென்டர்’ என்று பித்தளைப் பலகை. “இந்த முறையை இந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்தது நாங்கள்தான்” என்றார் முதல்வர். உன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

கொண்டுவந்தவன் நீ. தொண்ணூறுகளின் பிற்பாதியில், சனிக்கிழமைகளில், தரையோடு முடுக்கியிருந்த பெஞ்சுகளைக் கழற்றி எதிரெதிரே திருப்பிப் போட்டாய். அவற்றில் நீ உட்காரவைத்தது மாணவர்களை அல்ல, விரிவுரையாளர்களை. பாடத்தை முடித்துவிட்டுக் கணக்குக் கொடுப்பதை விட்டு, முதலில் ஒரு சிக்கலைக் கையில் கொடுத்துப் பாடத்தைத் தேடவைக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கினாய். முதல் சிக்கலை மர்பி டவுனில் உன் தெருவிலிருந்தே எடுத்தாய். தெருமுனைக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, கடைசி வீட்டுக்கு வருவதில்லை, ஏன்? அந்தக் கடைசி வீடு உன்னுடையது என்பது செய்தி எழுத வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் நண்பன் எனக்கு மட்டும் தெரியும்.

“ஆன்சர் எப்ப சார் தருவீங்க?” என்றார் ஒரு மூத்த விரிவுரையாளர்.

“தரமாட்டேன் சார்.”

“பசங்க கேட்டா நாங்க என்ன சொல்றது?”

“தெரியலன்னு சொல்லுங்க. நான் தெனம் சொல்றேன், வாய் வெந்தா போச்சு?”

அறையே சிரித்தது. நீ சிரிக்காமல் சொன்னாய்: “கேள்வியக் கேட்டுட்டு வாய மூடணும். அமைதி தாங்காம நாமளே பதில் சொன்னா, கேள்வி அங்கயே செத்துப்போச்சு.”

பிறகு கல்லூரிக்குத் தரச் சான்று தரும் குழு வந்தது. இன்றைய முதல்வர் அன்று துறைத் தலைவர். உனக்குத் தெரியாமல் மாணவர்களுக்கு ஒத்திகை நடத்திவைத்திருந்தார். யார் சந்தேகம் கேட்பது, யார் தப்பாகச் சொல்வது, யார் திருத்துவது என்பதுவரை! குழுவின் முன்னால் மாணவர்கள் அந்தக் குழாய்ச் சிக்கலை அலசிக் காட்ட, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனபோதே நீ புரிந்துகொண்டாய். எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாய்: “அந்தக் கடைசி வீடு மாடில இருந்தா என்ன பண்ணுவீங்க?”

யாரும் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். “சார், அது எங்களுக்கு ப்ராக்டிஸ் குடுக்கல சார்.”

அடுத்த சனிக்கிழமை பயிற்சி இல்லை. பெஞ்சுகள் பழைய இடத்திலேயே முடுக்கப்பட்டன. “ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாமே” என்றாராம் துறைத் தலைவர். வாசல் டீக்கடையில் நீ என்னிடம் சொன்னாய்: “மச்சா, அன்னைக்கு உண்மையான பதில் சொன்னது அந்தப் பொண்ணு ஒருத்திதான்.” நான் எழுதினேன். உள்பக்கத்தில் வந்தது. எதுவும் நடக்கவில்லை. அந்தப் பயிற்சியை மறுபடி தொடங்க எந்தக் கல்லூரியும் உனக்கு ஓர் அறை தரவில்லை, நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பெயரை மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இன்று காலை வட்ட மேஜையில் அவர்கள் நடத்திக் காட்டியது என்ன தெரியுமா? அதே குழாய். அதே கடைசி வீடு. ஒரு பையன் தப்பான பதிலைச் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்காகப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தான். அவள் திருத்தினாள். கைதட்டினார்கள். நீ குடம் தூக்கிய தெருவை நாடகமாக்கி, அதற்கு வார்னிஷும் அடித்துவிட்டார்கள்.

நிருபர்கள் கேட்கும் நேரம் வந்ததும் எழுந்தேன். “சார், இத உங்க காலேஜுக்கு யார் கத்துக்குடுத்தது?”

முதல்வர் தண்ணீர் குடித்தார். பக்கத்தில் ஒருவர் இருமினார். இன்னொரு நிருபர் வேறு கேள்விக்குக் கை தூக்கி, என் முகத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டார். கேள்வியை எளிதாக்கிக் கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். எத்தனையோ மந்திரிகளின் முன்னால் நான் அப்படி நின்றதுண்டு, உன்னிடம் கற்றதுதான்.

கடைசியில், மைக்கைக் கையால் விலக்கிவிட்டு, உன் பெயரைச் சொன்னார்.

“கேக்கல சார், மைக்ல சொல்லுங்க” என்றேன். மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.