மதாம் வீட்டு மணி

6 ஜூலை 2024
மழை ஒழுகுகிறதென்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். சாக்கில் கட்டிய மூட்டை ஒன்று. பிரித்தால் சுவர்க்கடிகாரம். கருப்பு மரச்சட்டம், அதில் சிப்பியால் பூவேலை, ரோமன் எண்கள். ஓடவில்லை. அப்பாவிடம் காட்டினேன். முகம் செத்துப்போனது. "இருந்த இடத்துல வை, கலை" என்றார். அவ்வளவுதான்.

7 ஜூலை
அது கூடத்தில் இருக்கும்வரை சாப்பிட மாட்டாராம். எண்பதை நெருங்குகிற மனுஷன்! என் அறைக்குக் கொண்டுபோனேன்.

8 ஜூலை
கேட்டுக் கேட்டுக் கடைசியில் சொன்னார். அவருடைய அண்ணன் அரிகிருஷ்ணன் திருடி வந்ததாம்.

பெரியப்பா இளவயதில் கடற்கரைப் பக்கம் ஒரு மதாம் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்தப் பிரெஞ்சுக்கார அம்மா ஊரைவிட்டுக் கிளம்பும் சமயம் வீட்டுக் கடிகாரம் காணாமல் போயிருக்கிறது. போலீஸ் பெரியப்பாவை அழைத்துப்போய் அடித்து, சாட்சி இல்லையென்று விட்டுவிட்டது. பிறகுதான் அப்பா பரணில் இதைப் பார்த்திருக்கிறார். வேறொரு வீட்டு ஏலத்தில், ஓடாத கடிகாரமாக மலிவாக வாங்கியது என்றாராம் பெரியப்பா. அப்பா நம்பவில்லை. தெருவே பார்க்க, கட்டிய வேட்டியோடு வெளியே தள்ளிவிட்டார். போலீசுக்குப் பயந்து இதைச் சாக்கில் கட்டிவிட்டார்.

பெரியப்பா இதோ, இதே ஊரில் சாரம் பகுதியில்தான் இருக்கிறார். அந்த வீட்டுக்கும் நமக்கும் ஆகாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

10 ஜூலை
மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்ததும், கடிகாரம் பழுதுபார்க்கும் விஜயராகவனிடம் கொண்டுபோனேன். பித்தளைத் தகட்டில் இருந்த முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பாரிசில் செய்தது, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். மணியடிக்கிற ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. பாலீஷ் போட்டுப் புதுசாக்கவா என்றார். வேண்டாம், அழுக்கை மட்டும் எடுங்கள் என்றேன். யார் வீட்டில் இருந்ததென்று தெரியுமா என்று கேட்டேன்.

"எங்க செஞ்சதுன்னு சொல்லுவேம்மா. எந்தச் செவுத்துல மாட்டியிருந்துதுன்னு எப்படிச் சொல்றது?"

19 ஜூலை
அப்பா என்னோடு பேசுவதில்லை.

28 ஜூலை
கடிகாரம் வந்தது. கூடத்தில் மாட்டி, சாவி கொடுத்து, பெண்டுலத்தை ஆட்டிவிட்டேன். சத்தம் கேட்டு அப்பா வந்து நின்றார்.

"மணி அடிக்குமா?"

அடிக்கும் என்றேன். பிறகு தானாகவே சொன்னார். ஒருமுறை அண்ணனைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. கொல்லையில் நின்று காதால் கேட்டதுதான். மதாம் வீட்டுக் கடிகாரம் மணி அடித்து, கொஞ்சம் விட்டு, அதே மணியை இன்னொருதரம் அடிக்குமாம். முதல்தரம் கேட்காதவர்களுக்காக என்று அண்ணன் சொன்னாராம்.

என்னையே திட்டிக்கொண்டேன். ஏன்டி இத ரிப்பேர் பண்ண? ரெண்டுதரம் அடிச்சா பெரியப்பா திருடன். ஒருதரம் அடிச்சா — அப்பா என்ன ஆவாரு?

ஐந்து அடித்தது.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். பெரிய முள் நகர்ந்துகொண்டே இருந்தது. கடிகாரம் திரும்ப அடிக்கவில்லை. ஐந்தரைக்கு ஒற்றை மணி அடித்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றிருந்தார். சட்டையை எடுத்துவரச் சொன்னார்.

சாரத்தில் பெரியப்பாவே கதவைத் திறந்தார். அப்பாதான் முதலில் பேசினார்.

"அண்ணே, அது அந்தக் கடியாரம் இல்ல."

பெரியப்பா உள்ளே கூப்பிடவில்லை. "அத நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

4 ஆகஸ்ட்
கடிகாரத்தைப் பெரியப்பா மகள் வசந்தாவிடம் ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்டாள். அப்பா தினமும் ஆட்டோ பிடித்து சாரம் போகிறார். பெரியப்பா வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றுவிட்டு வருகிறார். போகாதீங்க என்று எப்படிச் சொல்ல?

23 ஆகஸ்ட்
வசந்தா போன் செய்தாள். நேற்று பெரியப்பா வாசலில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னாராம். அப்பா நேற்று உட்காரவில்லை, இன்று உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

இருட்டிவிட்டது. அப்பா இன்னும் வரவில்லை. போய்க் கூப்பிடப் போவதில்லை. குழம்பை மூடி வைத்திருக்கிறேன்.