ஃபிரிட்ஜுக்குத் தனி லைன்

என் தங்கத்துக்கு,

நாங்கள் குடியிருக்கும் இந்த டிரெய்லர் வீட்டை விற்க வேண்டாம். வாங்க வருகிறேன் என்றவரிடம் நீயே சொல்லிவிடு.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. வாசலைத் தாண்டினால் மெயின் சுவிட்சை அணைத்தாக வேண்டும். வீடு சக்கரத்தின் மேல் ஏறிவிட்டால் பழக்கம் போய்விடுமா? நாங்கள் வெளியே சுற்றும்போதெல்லாம், ஃபிரிட்ஜில் இருந்த என் இன்சுலின் வெயிலில் வெந்நீராகிக்கொண்டிருந்திருக்கிறது. வீரியம் போன அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல், அவ்வளவுதான். அதற்குப் போய் நீ ஆஸ்பத்திரிக்குச் செருப்பில்லாமல் ஓடி வந்தாய்.

அன்றிலிருந்து அவர் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. இருட்டினாலும் நான் விளக்கு போடும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பெண்ணை வரவழைத்தேன். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் புது பேட்டரி, ஃபிரிட்ஜுக்கு மட்டும் மெயினோடு சேராத தனி லைன். "இனிமே ஐயா எதை வேணா அணைக்கட்டும்மா," என்றாள்.

இன்று கடைக்குக் கிளம்பும்போது அவர் கை மெயின் பக்கம் போய், பாதியில் நின்றுவிட்டது.

"அணைங்களேன்," என்றேன்.

அணைத்தார். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்து அதன் உறுமலைக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

கதவைப் பூட்டிக்கொண்டே, "பட்டப்பகல்ல எதுக்குடி லைட்டு? கரண்டு என்ன ஓசியிலயா வருது?" என்று எரிந்து விழுந்தார்.

சூரியனிடமிருந்து ஓசியில்தான் வருகிறது. பழையபடி திட்டட்டும்.

அம்மா